முழங்கால் வலிக்கு முன்தொடையையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முக்கூடல், ஆலங்குளம் வட்டாரங்களில் சுளகை மடியில் வைத்து மணிக்கணக்கில் தரையில் அமர்ந்து பீடி சுற்றும் பெண்கள் முழங்கால் வலி என்று வரும்போது, பெரும்பாலும் தைலத்தோடும் மாத்திரையோடும் அனுப்பப்படுவது இயன்முறை மருத்துவராகிய எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது.

அந்த மூட்டைத் தாங்கும் முன்தொடைத் தசை நான்கு தலைகளை உடையது. மூன்று தொடையெலும்பில் தொடங்குகின்றன. நடுவில் மேலாகச் செல்லும் நான்காவது இடுப்பெலும்பில் தொடங்குவதால், முழங்காலை நீட்டுவதோடு தொடையைத் தூக்கவும் உதவுகிறது. நான்கும் ஒரே நாணாகி, முழங்காற்சில்லைப் பற்றிக்கொண்டு, கீழ்க்கால் எலும்பின் முன்மேட்டில் முடிகின்றன. தரையிலிருந்து எழும்போது சுருங்கி உடலைத் தூக்குவதும், தாமிரபரணிப் படித்துறையில் இறங்கும்போது இறுக்கம் விடாமல் மெல்ல நீண்டு எடையைத் தாங்குவதும் இத்தசையே; இது நலிந்த பலருக்கு ஏறுவதைவிட இறங்குவதே கடினமாக இருப்பது அதனால்தான்.

காலை நீட்டி அமர்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக் கீழ்நோக்கி 5 விநாடி அழுத்தினால், சில்லுக்கு மேலே தசை இறுகுவதைக் கையால் தொட்டே உணரலாம். ஒரு வேளைக்கு 10 முறை செய்யலாம்; கருவி எதுவும் தேவையில்லை. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் இருப்பதால், பீடி சுற்றும் ஊர்களில் இப்பயிற்சியை வீடுதோறும் கற்பிக்க நெல்லை, தென்காசி மாவட்ட நிர்வாகங்கள் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்,
அம்பாசமுத்திரம்.