பெருந்தொற்றுக் காலத்துக்கான பொது இருப்பறை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

உலக சுகாதார நிறுவனம் கோவிட் பரவலை அவசரநிலையாக அறிவித்தது 2020 ஜனவரி 30 அன்று. அதைப் பெருந்தொற்று என்று சொன்னது மார்ச் 11 அன்று. நடுவில் 41 நாள். அதன் பிறகு முகக்கவசமும் ஆக்சிமீட்டரும் ஆக்சிஜனும் எவ்வளவு தட்டுப்பாடாயின என்பதை எல்லோரும் பார்த்தோம். அடுத்தது எந்தக் கிருமியால், எந்த ஆண்டில் வரும் என்று யாராலும் நாள் குறிக்க முடியாது. ஆனால் மூச்சுக்காற்றில் பரவும் நோய் என்றால் எந்தெந்தப் பொருளுக்கு முதலில் அலைய நேரும் என்பது தெரிந்த கதை. ஆகவே 400 வீடுகளுக்குப் பொதுவாக, அந்தப் பொருள்களை முன்கூட்டியே சேமித்துவைக்கும் ஓர் இருப்பறை அமைக்கிறோம். அதற்கு உங்கள் உதவியைக் கேட்டு இதை எழுதுகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சேரும் தொகையில் பாதியைத்தான் பொருள் வாங்கச் செலவிடுவோம். மறுபாதி ஐந்தாண்டுப் பராமரிப்புக்கு. கருவி வாங்கிக் கொடுக்கப் பலரும் முன்வருகிறார்கள். அதன் வடிகட்டி மாற்றவும் பேட்டரி மாற்றவும் பரிசோதிக்கவும் பணம் கேட்டால் தயங்குகிறார்கள். பராமரிக்காத கருவி, இல்லாத கருவியைவிட ஆபத்தானது. ஏன் என்பதற்கு ஆக்சிஜன் செறிவூட்டியே சரியான உதாரணம்.

காற்றில் நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21 சதவீதம். செறிவூட்டி அறைக்காற்றை இழுத்து, அழுத்தி, சியோலைட் என்ற நுண்துளைக் கனிம மணிகள் நிரம்பிய இரண்டு உருளைகளில் மாற்றி மாற்றிச் செலுத்துகிறது. மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள, வெளியே வருவது 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன். அந்த மணிகளுக்குப் பகை ஈரம். ஓட்டாமல் மூலையில் போட்டுவைத்த இயந்திரத்தில் மணிகள் ஈரத்தை உறிஞ்சிவிடும். அப்புறம் நைட்ரஜனைப் பிடிக்க இடமிருக்காது. அப்படிப்பட்ட இயந்திரத்தை இயக்கினால் விளக்கு எரியும், மோட்டார் ஓடும், தண்ணீர்க் குடுவையில் குமிழி வரும். நோயாளியின் மூக்குக்குப் போவதில் மட்டும் ஆக்சிஜன் போதாது. காற்றைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அளவி வைத்துத்தான் அறிய முடியும். எனவே நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் 6 செறிவூட்டிகளோடு ஓர் ஆக்சிஜன் அளவியையும் கட்டாயம் வாங்குகிறோம். மாதம் ஒருமுறையாவது ஒவ்வொன்றையும் ஓட்டி, அளந்து, தேதியோடு பதிவேட்டில் எழுதுவோம்.

பயன்படுத்தும் வீட்டில் நடக்கும் தவறுகளும் சின்னவைதான். பின்பக்கப் பஞ்சு வடிகட்டியை வாரம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே திரும்பப் பொருத்த வேண்டும். அவசரத்தில் ஈரத்தோடு பொருத்துகிறார்கள். இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டி வைக்கிறார்கள். ஓரடி இடைவெளியாவது விட வேண்டும். குடுவை மூடியின் மரை கோணலாக ஏறினால் ஆக்சிஜன் அங்கேயே கசிந்துவிடும். சரிபார்க்க ஒரு சுலபமான வழி: குழாயின் நுனியை ஒரு கணம் மடித்துப் பிடியுங்கள். ஆக்சிஜன் ஓட்டத்தைக் காட்டும் அளவுமானியின் குண்டு கீழே இறங்கினால் இணைப்புகள் சரி. இறங்காவிட்டால் எங்கோ கசிகிறது. பீடியோ விளக்கோ அடுப்போ எதுவும் 3 மீட்டருக்குள் இருக்கக் கூடாது.

இந்த அளவு இயந்திரத்துக்குச் சுமார் 350 வாட் மின்சாரம் வேண்டும். மின்தடை வந்தால் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் சில மணி நேரமே தாங்கும். அதனால் 10 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் அளவுள்ள 3 ஆக்சிஜன் சிலிண்டர்களையும் சேர்த்திருக்கிறோம். 150 பார் அழுத்தத்தில் (வெளிக்காற்றைப்போல் சுமார் 150 மடங்கு) நிரப்பினால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 1500 லிட்டர்; நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் 5 மணி நேரம். மருத்துவமனையில் படுக்கை கிடைக்கும் வரையான பாலம்தான் இவையெல்லாம். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று மருத்துவர் எழுதிய ஓட்ட அளவு இல்லாமல் எந்த இயந்திரமும் இருப்பறையை விட்டு வெளியே போகாது.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 40 தேவை. பத்து வீட்டுக்கு ஒன்று. ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்து, கையை மார்பளவில் அசையாமல் வைத்து, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் அளவு தப்பும். கருமையான தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், ஒரே விரலில் காலை மாலை எடுத்த எண்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பார்ப்பதே முக்கியம். 94-க்குக் கீழே இறங்கினால் மருத்துவரை அழைக்க வேண்டும். 90 அல்லது அதற்குக் கீழே என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் எண்ணை நம்பாதீர்கள், ஆளைப் பாருங்கள்.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. திரையைத் தலைகீழாகப் படித்தால் 86 என்பது 98 ஆகத் தெரியும். நெஞ்சு படபடக்கும் நள்ளிரவில் இந்தத் தவறு எளிதாக நடக்கும். நாடித்துடிப்பு எண்ணை ஆக்சிஜன் எண்ணாகப் படிப்பதும் உண்டு. எனவே ஒவ்வொரு கருவியிலும் மேல்பக்கம் எது, ஆக்சிஜன் எண் எது என்று வண்ணப் பட்டை ஒட்டித் தருவோம். தொற்று அலை இல்லாத காலத்தில் பேட்டரியைக் கழற்றித் தனியே வைப்போம். உள்ளே விட்டால் கசிந்து முனைகளை அரித்துவிடும்.

காற்றைச் சுத்தப்படுத்த, பொதுக்கூடத்துக்கும் பிள்ளைகள் படிக்கும் அறைக்கும் காத்திருப்பு இடங்களுக்கும் 10 வடிகட்டிப் பெட்டிகளை நாமே கட்டுகிறோம். 2020-ல் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசென்தால் இருவரின் பெயரில் பரவிய வடிவம் இது. நுண்துகளையும் பிடிக்கும் மெர்வ்-13 தரத்து 20 அங்குல வடிகட்டி நான்கை நாற்புறச் சுவராக நிறுத்தி, அடியில் அட்டை வைத்து, மேலே 20 அங்குலப் பெட்டி விசிறியைக் காற்று மேல்நோக்கி வீசும்படி பொருத்த வேண்டும். வடிகட்டியிலுள்ள அம்புக்குறிகள் எல்லாம் பெட்டிக்குள் நோக்க வேண்டும். மூலைகளை ஒட்டுநாடாவால் இடைவெளியின்றி ஒட்ட வேண்டும். விரல் நுழையும் சந்து இருந்தாலும் காற்று வடிகட்டியைத் தவிர்த்து அந்த வழியே புகும். விசிறியின் நான்கு மூலைகளையும் அட்டையால் மறைத்து வட்டத் திறப்பு மட்டும் விட்டால் திறன் கூடும். இவ்வளவு செய்தும் பெட்டி பயனற்றுப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இரைச்சல்தான்: பேச்சு கேட்கவில்லை என்று யாராவது நிறுத்திவிடுவார்கள். முழு வேகத்தில் ஒன்றை ஓட்டுவதைவிடக் குறைந்த வேகத்தில் இரண்டை ஓட்டுவது நல்லது. எண்ணிக்கையை 10 என்று வைத்தது அதனால்தான்.

மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு அறையில் தேங்கினால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள்; அதை அறியக் கார்பன் டை ஆக்சைடு அளவி 3 வாங்குகிறோம். வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு). அறைக்குள் 800-ஐத் தாண்டினால் சன்னலைத் திறக்க வேண்டும். வடிகட்டிப் பெட்டி துகளைத்தான் பிடிக்கும், வாயுவை அல்ல; ஆகவே இந்த எண்ணைக் குறைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அகச்சிவப்பு உணரி உள்ளதைத்தான் வாங்குவோம். மலிவான சில கருவிகள் வேறு வாயுக்களை வைத்துக் கணக்கிட்டுச் சொல்பவை. பக்கத்தில் ஒருவர் சானிடைசர் தேய்த்தாலே எண் எகிறும்.

சானிடைசரை உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி நாமே தயாரிக்கலாம். 10 லிட்டருக்கு 96 சதவீத எத்தனால் 8333 மில்லி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி, 98 சதவீத கிளிசரால் 145 மில்லி, மீதிக்குக் காய்ச்சி வடித்த நீர். மூடி 72 மணி நேரம் வைத்த பிறகே வெளியே கொடுக்க வேண்டும். புட்டிகளில் தங்கியிருக்கும் நுண்வித்துகள் அழிய அந்த நேரம் தேவை. நச்சான மெத்தனால் கலப்பில்லை என்ற ஆய்வகச் சான்று இல்லாத எத்தனாலை யார் இலவசமாகக் கொடுத்தாலும் ஏற்க மாட்டோம். தரை, கைப்பிடிகளுக்கு 5 சதவீத பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். முதலில் சோப்பு போட்டு அழுக்கை நீக்காவிட்டால் குளோரின் அழுக்கிலேயே செலவாகிவிடும். அமிலக் கழிவறைத் திரவத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுவாயு வரும்.

என்-95 முகக்கவசம் வீட்டுக்கு 20 வீதம் 8000. இதன் இழைகளிலுள்ள நிலைமின்னூட்டம்தான் நுண்துகளைப் பிடிக்கிறது. துவைத்தாலோ ஆல்கஹால் தெளித்தாலோ அது போய்விடும். காலாவதிக்கு ஓராண்டு முன்பே பழைய பெட்டிகளைத் தூசி வேலை செய்பவர்களுக்குக் கொடுத்து, புதியவற்றை அடுக்குவோம். இதற்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும்.

வழிகாட்டித் தாள் ஒன்றும் அச்சாகும், இரண்டே பக்கம், தேதியோடு. கோவிட் காலத்தில் முகக்கவசம் பற்றிய அறிவுரையே 2020 ஜூனில் மாறியது. தேதியில்லாத தாள் பழைய அறிவுரையைப் பரப்பிக்கொண்டே இருக்கும். திருத்தம் வந்ததும் பழையதைத் திரும்பப் பெறுவோம்.

பிரித்த முகக்கவசம், மீந்த ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மாத்திரைகள், புற ஊதாக் கைவிளக்கு, ஆள்மேல் மருந்து தெளிக்கும் கருவி ஆகியவற்றைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

நன்கொடையை முழுக் கருவியாகவோ, ஒரு கருவியின் ஓராண்டுப் பராமரிப்புப் பங்காகவோ தரலாம். இரண்டாவதைத்தான் அதிகம் எதிர்பார்க்கிறோம். பணம் தர இயலாதவர்கள் மாதம் 2 மணி நேரம் தரலாம். மின்பணி, மருத்துவக் கருவி பழுதுபார்ப்பு, செவிலியர் பணி தெரிந்தவர்கள் அவசியம் வேண்டும். ஈரமில்லாத, பூட்டக்கூடிய ஓர் அறையும் தேவை. வங்கிக் கணக்கை இருவர் கையெழுத்திட்டே இயக்குவோம். இருப்புப் பதிவேடும் வரவு செலவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் இருக்கும். எண்ணிட்ட ரசீது தராத எவரிடமும் எங்கள் பெயரில் பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
இருப்பறைக் குழுவினர்