கிராஸ் புறாவுக்கு என்ன விலை? சந்தை வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைச் சந்தைகளில் புறா விற்கும் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். கிராஸ், அதாவது இரண்டு ஜாதி கலந்து பிறந்த புறாவைக் காட்டி "பாதி ஹோமர்", "பாதி லக்கா" (விசிறி வால் புறா) என்று சொல்வதும், தாய் தகப்பனில் எதற்கு விலை கூடவோ அதில் பாதியைக் கேட்பதும் வழக்கமாகிவிட்டது. இந்தக் கணக்கு தப்பு. ஹோமருக்குக் கூடுதல் பணம் கொடுப்பதே அது வீடு திரும்பும் என்பதற்காகத்தான். சாதாப் புறாவோடு சேர்ந்து பிறந்த குஞ்சு திரும்புமா என்பது பறக்கவிட்டால்தான் தெரியும். பறக்கும்போது கரணம் அடிக்கும் கர்ணப்புறாவின் கலப்பும் அப்படியே. ஒரு கரணத்தோடு நிறுத்திவிடலாம், அடிக்காமலே போகலாம். பாதி ரத்தத்துக்குப் பாதி வேலை என்று எந்த விதியும் இல்லை.

நிறத்துக்கும் விலை சொல்லாதீர்கள். டார்வின் வெள்ளை லக்காவையும் பார்ப் என்ற ஜாதிக் கறுப்புப் புறாவையும் சேர்த்துப் பார்த்தார். குஞ்சுகள் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாக வந்தன. அந்தக் குஞ்சுகளைத் தங்களுக்குள் சேர்த்தபோது, பேரக்குஞ்சு ஒன்று நீல உடம்பும் வெள்ளை இடுப்பும் இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டையுமாக, அச்சு அசல் மாடப்புறாவாகப் பிறந்தது. ஆகவே கிராஸ் ஜோடியைக் கொடுக்கும்போது "இதே கலரில் குஞ்சு எடுக்கலாம்" என்று வாக்குக் கொடுப்பது நியாயமில்லை. கொண்டையும் இதே கதை. கொண்டையும் மொட்டைத் தலையும் சேர்ந்தால் குஞ்சு பெரும்பாலும் மொட்டையாகவே வரும். கொண்டை அடுத்த தலைமுறையில் தலைகாட்டலாம்.

லக்காக் கலப்பா என்பதைப் புறாவே சொல்லிவிடும். வாலை விரித்து எண்ணுங்கள். சாதாப் புறாவுக்கு 12 இறகு, நல்ல லக்காவுக்கு 30க்கு மேல். கலந்து பிறந்தது இரண்டுக்கும் நடுவே நிற்கும். 16, 18 இறகை வைத்துக்கொண்டு லக்கா விலை கேட்கக் கூடாது. காலில் வருஷம் பொறித்த ரிங் (வளையம்) இருந்தால் அது பிறந்த வருஷத்துக்குத்தான் சாட்சி, சாதிக்கு இல்லை. மூடிய ரிங்கைக் குஞ்சு ஒரு வாரம், பத்து நாளாக இருக்கும்போது மாட்டிவிட வேண்டும், பிறகு பாதம் நுழையாது. கிராஸ் குஞ்சுக்கும் அந்த வயதில் யார் வேண்டுமானாலும் மாட்டலாம்.

அப்படியானால் எதற்கு விலை? முதலில் உடம்புக்கு. கால்களை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, கட்டைவிரலால் இறக்கை நுனியை முதுகோடு அமுக்கி, மற்றக் கையால் மார்பெலும்பைத் தடவுங்கள். கத்தி முனைபோல் குத்தினால் புறா இளைத்திருக்கிறது. அலகைத் திறந்து தொண்டையைப் பாருங்கள். பாலாடைக்கட்டி போல மஞ்சளாக ஒட்டியிருந்தால் கேங்கர் என்ற தொண்டை நோய். இறக்கை மூட்டு வீங்கியிருந்தால் பாராடைஃபாய்டு என்ற தொற்றுநோய் சந்தேகம். நாலு மணி கம்பைத் தரையில் போட்டுக் கவனியுங்கள். கொத்து மணிமேல் விழாமல் பக்கத்தில் விழுந்தாலோ, கழுத்து திருகினாலோ அது விற்கக்கூடிய புறாவே இல்லை, தனிக் கூண்டில் வைக்க வேண்டியது.

அடுத்து வயது. இறக்கையின் நீள இறகு பத்து. குஞ்சு ஒன்றரை, இரண்டு மாதத்தில் உள்பக்க முதல் இறகை உதிர்த்து, அங்கிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொன்றாக மாற்றும். எத்தனை இறகு புதுசு என்று பார்த்தால் மாதக் கணக்கு பிடிபடும். இறக்கைக்கு அடியில் இன்னும் வெறும் தோல் தெரிகிற குஞ்சைச் சந்தைக்கே கொண்டுவராதீர்கள். அது தானாகத் தின்னாது, வாங்கிய பிள்ளையின் கையில் பட்டினியில் செத்துப்போகும். 30, 35 நாள் ஆகி, தானே தானியம் பொறுக்கித் தண்ணீர் குடிக்கிறதைப் பார்த்த பிறகு விற்றால் போதும்.

இனி, கிராஸ் புறாவுக்கு உண்மையான விலை இருக்கிற இடம். அழகுக்காக வளர்க்கும் குட்டை அலகு ஃபேன்சி ஜாதிகள் பல தங்கள் குஞ்சுக்குச் சரியாக ஊட்டாது. அந்த முட்டையை அடைகாத்துக் குஞ்சை ஆளாக்குவது பெரும்பாலும் இந்தக் கலப்பு ஜோடிதான். அடை 17, 18 நாள். பொரிக்கும் சமயத்தில்தான் வளர்க்கும் ஜோடியின் தொண்டைக்குக் கீழுள்ள தீனிப்பையில் பால் ஊறும், முதல் சில நாள் குஞ்சுக்கு அதுதான் உணவு. அதனால் ஃபேன்சி ஜோடியும் வளர்க்கும் ஜோடியும் ஒரு நாள், இரண்டு நாள் வித்தியாசத்துக்குள் முட்டையிட்டிருக்க வேண்டும். நாலைந்து நாள் முந்திய முட்டையை வைத்தால் பால் ஊறுமுன் குஞ்சு பொரிந்து சாகும். இரண்டு மூன்று ஈடு (ஒரு தடவை முட்டையிட்டுப் பொரித்தது ஓர் ஈடு) குஞ்சை முழுசாக வளர்த்த ஜோடிக்குச் சாதா ஜோடியைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு கேட்டாலும் நாங்கள் நியாயம் என்போம். ஆனால் "ஜோடி" என்று சொல்லுமுன் ஒரே கூட்டில் நாலு முட்டை விழுந்ததா என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பெட்டை வழக்கமாக ஓர் ஈட்டுக்கு இரண்டு முட்டைதான் இடும், நாலு விழுந்திருந்தால் இரண்டும் பெட்டையாக இருக்கலாம், முட்டை பொரியாது.

எங்கள் வேண்டுகோள் இதுதான். கிராஸ் புறா விற்கும்போது ஒரு துண்டுச் சீட்டில் நாலு விவரம் எழுதிக் கொடுங்கள்: தாய் தகப்பன் என்ன ஜாதி, பொரித்த மாதம், எத்தனை ஈடு வளர்த்தது, கடைசியாக என்ன மருந்து கொடுத்தீர்கள். தாய் தகப்பன் தெரியாவிட்டால் "தெரியாது" என்றே எழுதுங்கள். அந்தப் புறாவுக்குச் சாதாப் புறா விலை வையுங்கள், வாங்குவோம்.

இப்படிக்கு,
சென்னைப் புறா வளர்ப்பவர்கள் சிலர்