ஸ்டூக் கிடாரத்தைச் சுற்றி நின்றவர்களுக்கு

கல்லடி, மட்டக்களப்பு
28.12.2021

அன்பான அயலவர்களே, உறவுகளே,

ஒவ்வொருவர் படலையிலும் வந்து நின்று சொல்லவேண்டிய நன்றி இது. வீட்டில் விருந்தினர் இன்னும் போய் முடியவில்லை. அதனால் எழுதி அனுப்புகிறேன்.

எங்கள் வீட்டு நத்தார் என்றால் அம்மாவின் கோழி ஸ்டூவும் பாணும்தான். இந்த முறை நத்தார் சனி, சுனாமி நினைவு நாள் ஞாயிறு. பூசை முடிந்து வருகிற அம்மா பக்கத்தாரும், சுனாமியில் போனவர்களை நினைக்க நாவலடிக் கரைக்கென்றே வருகிற அப்பா பக்கத்தாரும் ஒரே கூரைக்குள். அம்மாவுக்கோ கண் சத்திரசிகிச்சை முடிந்து நாளாகவில்லை. புகைப் பக்கமே போகக்கூடாது. சமையல் காஸும் இல்லை. சிலிண்டர் வெடித்த செய்திகள் வரத் தொடங்கியதிலிருந்து கடை வாசலில் வெறும் சிலிண்டர்கள்தான் வரிசையில் நிற்கின்றன.

முதல் நன்றி தச்சுப் பட்டறை அங்கிளுக்கு. மார்கழி ஈரத்தில் காய்ந்த விறகுக்கு எங்கே போவது? முதிரையும் தேக்குமாக வெட்டுத் துண்டுகளை உரப்பையில் கட்டி, மேலே பொலித்தீன் சுற்றி, சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். தேத்தண்ணி குடிக்கக்கூட நிற்கவில்லை.

காத்தான்குடி இறைச்சிக்கடை நானா, நீங்கள் 10 கிலோ கோழியை எலும்போடு பெரிய துண்டுகளாக வெட்டித் தந்துவிட்டு, "காசு பொறகு பாப்பம், முதல்ல கொண்டு போங்க" என்றீர்கள். காசு இந்தக் கிழமை வரும்.

கரட், போஞ்சி, லீக்ஸ் எல்லாம் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வருகிற காலம் இது. அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்தியதன் பலனை மலைநாட்டுத் தோட்டக்காரரோடு சேர்ந்து நாங்களும் அனுபவிக்கிறோம். வெலிமடையிலிருந்து லொறி ஓட்டி வந்த மச்சான், பதுளை வீதியால் செங்கலடிக்கு இறங்கி, அப்படியே எங்கள் வாசலில் ஒரு மூட்டையை வைத்துவிட்டுப் போனான். மச்சான், அந்தக் கரட்டின் மண் வாசத்துக்கே அம்மா எழும்பி வந்து தடவிப் பார்த்தா.

இனி, பக்கத்துக் கரையோர டச்பார் அன்ரி. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சனி விடியமுன் வந்து, சட்டைக்கு மேல் துவாயைக் கட்டிக்கொண்டு, கறுவா, ஏலம், கராம்பு, ரம்பையை எண்ணெயில் போட்டபோதுதான் எனக்கு நத்தார் வந்தது. தூள் கிடையாது, மிளகும் கீறிய பச்சைக் கொச்சிக்காயும் மட்டும். இரண்டாம் தேங்காய்ப்பாலில் கோழி அவியவிட்டு, கிழங்கும் கரட்டும் பாதி வெந்த பிறகு போஞ்சி, கடைசியாக லீக்ஸ். நான் அகப்பையை எடுத்ததும், "கிண்டாத புள்ள, கிழங்கு உடஞ்சிரும், கிடாரத்தப் பிடிச்சிக் குலுக்கு" என்றீர்கள். அந்தக் கிடாரத்தைக் குலுக்க இரண்டு ஆம்பிளைகள் தேவைப்பட்டது வேறு கதை. கொள்ளியை வெளியே இழுத்துத் தணலை மட்டும் விட்டு, கட்டிப்பாலை ஊற்றி, அது திரையமுன் இறக்கி, ஒரு கரண்டி வினாகிரி. அம்மா தூரத்தில் கதிரையில் இருந்து மணத்தை வைத்தே "உப்புக் காணாது" என்றா. காணாதுதான்.

தேங்காய் திருவிய பிள்ளைகளுக்கும், கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் போய் சூடு ஆறாமல் பாண் கொண்டுவந்த தம்பிக்கும் நன்றி.

ஞாயிறு வேறு அடுப்பு, வேறு சட்டி. அப்பா பக்கத்தில் அன்று மச்சம் இல்லை. அடுத்த வீட்டு மாமி கோழிச் சட்டி எதையும் தொடவிடாமல், தன் வீட்டுப் பாத்திரங்களையே கொண்டுவந்து மரக்கறி ஸ்டூ வைத்தா. கஜுவை ஊறவைத்து அரைத்துச் சேர்த்ததில் அது கோழியை விட நன்றாக வந்தது என்பது என் தீர்ப்பு. அன்ரி கோபிக்கக்கூடாது.

காலை 9.25க்கு எல்லோரும் நாவலடியில் நின்றோம். 2004 இல் அந்தக் கரையில் வீட்டோடு போனவர்களின் பெயர்களை அப்பா வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றார். அன்ரியும் தன்னுடைய ஆட்களுக்காக டச்பாரில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு நேரே எங்களிடம்தான் வந்தா. திரும்பி வந்த ஒருவருக்கும் பேச்சு இல்லை, ஆனால் பசி இருந்தது. மாமி ஒன்றும் கேட்காமல் கோப்பைகளை நிரப்பிக்கொண்டே இருந்தா. வழமையாக வந்ததும் படுத்துவிடுகிற அப்பா, அன்று இரண்டாம் தரமும் பாண் கேட்டார். மாமி, அதற்கு உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

ஒரு சின்ன விசயம். அலுமினிய மூடிகள் சிலதும், நீலப்பூப் போட்ட பீங்கான் கோப்பை ஒன்றும், பிடியில் சிவப்பு நூல் சுற்றிய அகப்பை ஒன்றும் எங்கள் குசினியில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கேக் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, பின்னேரமாக வந்தால் நல்லது.

அன்புடன்,
ஒழுங்கை மூலை வீட்டு மகள்