பெயர் பொறிக்க முடியாத செலவு

அன்புள்ள தம்பிக்கு,

ஊர்க் கிணறுகளின் தண்ணீரை அளந்து பார்க்க எங்கள் சங்கம் சேர்க்கிற காசைப் பற்றி, போன கிழமை கனடா ஸ்காபரோவில் இருந்து போன் எடுத்து இரண்டு கேள்வி கேட்டீர். "எவ்வளவு சேர்ந்தது மாஸ்டர்? இவ்வளவு நாளா என்ன கண்டுபிடிச்சனீங்கள்?" இங்கே வன்னியில், நெடுங்கேணிச் சந்தியில் தேத்தண்ணி குடிக்கப் போனாலும் இதே இரண்டு கேள்விதான். அதனால் பதிலை எல்லாரும் வாசிக்கும்படி உமக்கு எழுதுகிறேன்.

சேர்ந்தது, வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். கண்டுபிடித்தோம் என்று சொல்ல இன்னும் ஒன்றும் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

கிட்னி வருத்தம் என்றால் என்ன என்று உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்பாவை டயலிசிஸுக்கு வவுனியாவுக்கு ஏற்றி இறக்கின பிள்ளை நீர். 1990களில் அனுராதபுர மாவட்டத்து மதவாச்சி, பதவியாப் பக்கம் வைத்தியர்கள் இதைக் கவனிக்கத் தொடங்கினார்கள். சீனி வருத்தம் இல்லை, பிறஷர் இல்லை, ஆனால் வயல் செய்கிற மனிதரின் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகிறது. தெரிய வரும்போது பாதி வழி கடந்துவிடும். புளோரைட் என்றார்கள், தண்ணீரின் வன்மை (கல்சியம், மக்னீசியம் உப்பு கூடுவது) என்றார்கள், கட்மியம், ஆசனிக், களைநாசினி, வெய்யிலில் தண்ணீர் குடியாமல் வேலை செய்வது என்றார்கள். எல் சல்வடோர், நிக்கரகுவா கரும்புத் தோட்டங்களிலும் இதேமாதிரி ஒரு வருத்தம் இருக்கிறது. முடிவான விடை எங்கும் இல்லை.

அந்த விடையை ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்கள் நாலு பேரும், கம்பஸ் பிள்ளைகள் சிலரும், ஒரு மருத்துவமாதுவும், தோட்டக்காரரும் சேர்ந்த எங்கள் சங்கம் கண்டுபிடித்துவிடும் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில், என்ன இருக்கிறது என்று பிழையில்லாமல் எழுதிவைக்க எங்களால் முடியும். ஆராய வருகிறவர்களுக்கு அந்தக் கொப்பி வேண்டும். அதைவிட, இந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்கு அது வேண்டும்.

எந்த மாதம் என்பது முக்கியம். கார்த்திகை மாரியில் கிணறு முட்டி நிற்கும். ஆவணி, புரட்டாதியில் வாளி அடியில் இடிக்கும். ஒரே கிணறு, இரண்டு தண்ணீர். எங்கள் காலுக்குக் கீழே இருக்கிற பழைய பாறைக்குப் புவிச்சரிதவியலாளர்கள் வைத்த பெயரே வன்னித் தொகுதி. அந்தப் பாறையின் கனிமங்களில் இருந்துதான் புளோரைட் கரைந்து வருகிறது. (பூநகரிப் பக்கம் சுண்ணாம்புக்கல், அங்கே கதை வேறு.) இலங்கைத் தரத்தின்படி குடிநீரில் லீற்றருக்கு 1 மில்லிகிராம் புளோரைட்டுக்கு மேல் போகக்கூடாது, உலக சுகாதார நிறுவனம் 1.5 வரை விடுகிறது. மாரியில் மட்டும் அளந்தவன் "கிணறு நல்லது" என்பான், கோடையில் மட்டும் அளந்தவன் "மூடு" என்பான். இரண்டும் ஒரு குடும்பத்துக்குச் செய்கிற அநியாயம். ஆகக் குறைந்தது இரண்டு வருசமாவது தொடர்ந்து எடுக்கவேண்டும்.

வன்மையை நாங்களே பார்க்கிறோம். உமக்கு நான் படிப்பித்த அதே நியமிப்புத்தான் (துளித்துளியாக விட்டு அளப்பது): மேலே கண்ணாடி அளவியில் ஈ.டி.ரி.ஏ. என்ற இரசாயனக் கரைசல், கீழே குடுவையில் நிறங்காட்டி விட்ட கிணற்றுத் தண்ணீர், வைன் சிவப்பு ஒரு துளியில் நீலமாக மாறும் அந்த இடம். ஏ.எல். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குப் பிடிக்கிற தண்ணீருக்கு இலக்கம் உண்டு என்று அன்றைக்குத்தான் பல தாய்மாருக்குத் தெரிந்தது. இதற்குப் பெரிய செலவில்லை. புளோரைட் அளக்கிற மின்வாய்க்கும் மீற்றருக்கும்தான் பெரிய காசு. உலோகங்களை வெளியே ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும், போத்தலுக்கு இவ்வளவு என்று கட்டணம்.

அதில் ஒரு பிழை விட்டோம், அதையும் எழுதுகிறேன். முதல் கோடையில் எடுத்த போத்தல்களுக்கு நைத்திரிக் அமிலம் விடாமல் நாள்கணக்கில் வைத்துவிட்டோம். அமிலம் விடாவிட்டால் உலோக அயன்கள் போத்தல் சுவரில் ஒட்டிக்கொள்ளும், கருவி குறைவாகக் காட்டும். ஆபத்தான கிணற்றையும் "பயமில்லை" என்று சொல்லியிருக்கும். அத்தனையையும் வெளியே ஊற்றினோம். சந்தா தந்தவர்களைக் கூப்பிட்டு, உங்கள் காசில் இவ்வளவு வீணாய்ப் போனது என்று கணக்குக் கொப்பியைத் திறந்து வைத்தேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு ஆச்சி, "பிழையெண்டு தெரிஞ்சு ஊத்தினீங்கள்தானே, திரும்ப எடுங்கோ" என்று மடியை அவிழ்த்தார். எங்கள் கணக்கில் அந்த நூறு ரூபாய்க்கு நான் தனிப் பற்றுச்சீட்டு எழுதினேன்.

ஆனாலும் காசு ஏன் மெதுவாக வருகிறது? கோயில் மண்டபத்துக்குத் தருவார்கள், பள்ளிக்கூடக் கட்டடத்துக்குத் தருவார்கள். நல்ல மனசோடுதான் தருகிறார்கள், குறை சொல்லமாட்டேன். அவற்றில் கல்லு வைத்துப் பெயர் பொறிக்கலாம். அமிலத்திலும், அளக்கும்போது விடுகிற தாங்கற் கரைசலிலும், பிள்ளைகள் கிணறு கிணறாகத் திரிகிற மோட்டார் சைக்கிளின் பெற்றோலிலும் யாருடைய பெயரைப் பொறிப்பது? அது தீர்ந்துபோகிற காசு.

இந்தப் பாடு எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்ற வைத்தியர் 1869இல் இருந்து கேட்டுக் கேட்டு, பொதுமக்களின் காசில் 1876இல் ஒரு விஞ்ஞான ஆய்வுச் சங்கம் தொடங்கினார். அரசாங்கத்தின் கையில் அல்ல, எங்கள் ஆட்களின் கையிலேயே இருக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஆய்வுகூடத்துக்கு விஜயநகரம் மகாராஜா கொடுத்தார். ஆனால் நிரந்தரமாக ஆராய்ச்சி செய்கிறவர்களை வைத்திருக்கிற காசு சேரவே இல்லை. அந்த மனக்குறையோடு 1904இல் கண்ணை மூடினார். மூன்று வருசம் கழித்து, இருபது வயதும் நிரம்பாத, திருச்சியில் பிறந்த ஒரு கணக்கு உத்தியோகத்தன் அந்தச் சங்கத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே போனான். கந்தோர் நேரத்துக்கு முன்னும் பின்னும் அங்கேயே கிடந்தான். 1928இல் அந்த இடத்தில் கண்டதற்குத்தான் சி. வி. ராமனுக்கு 1930இல் நோபல் பரிசு. அந்தக் கதவை அத்தனை வருசமும் திறந்து வைத்திருந்தது சந்தாக்காரரின் காசு.

இனி நீர் சொன்ன விசயம். "மிச்சம் முழுக்க நான் போடுறன் மாஸ்டர், மீற்றரில அப்பான்ர பேரை எழுதினாச் சரி." அன்றைக்கு நித்திரை வரவில்லை எனக்கு. வாங்கினால் அடுத்த கிழமையே கருவி வந்துவிடும். ஆனாலும் முழுதையும் வாங்கமாட்டேன் தம்பி. நூறு ரூபாய் தந்த ஆச்சி இப்போது என்னை வழியில் மறித்து, "என்ர கிணத்துக்கு என்ன சொல்லுது?" என்று கேட்கிறார். தன் காசு என்பதால் கேட்கிறார். ஒருவர் முழுதாகத் தந்தால் மற்றவர்கள் அதை உம்முடைய கருவி என்பார்கள், கேட்பதை விட்டுவிடுவார்கள். கேட்க ஆள் இல்லாத ஆய்வு அலுமாரிக்குள் போய்விடும். அதனால் மாதாமாதம் ஒரு தொகை அனுப்பும், நாலைந்து வருசத்துக்கு. எது தீர்ந்துபோகிறதோ அதற்கு. அப்பாவின் பெயரைக் கணக்குக் கொப்பியில், ஊர்ச் சந்தாக்காரரின் வரிசையில் எழுதுகிறேன். மிச்சத்தை ஊரில் சேர்க்க எனக்கு இந்தச் சிறுபோக அறுவடை வரைக்கும் தவணை தாரும்.

இன்னொன்று. உங்கள் வளவு பூட்டியபடி கிடக்கிறது. திறப்பு மாமாவிடம் இருக்கிறது. அப்பா குடித்த கிணறு எங்கள் பட்டியலில் இன்னும் இல்லை. சொந்தக்காரர் சம்மதம் இல்லாமல் நாங்கள் வாளி இறக்குவதில்லை, முடிவும் முதலில் அவர் கைக்குத்தான் போகும். வருகிற சனிக்கிழமை அந்தப் பக்கம் போகிறோம். உலோகங்களுக்கு அமிலம் விட்ட போத்தல் ஒன்றும், புளோரைட்டுக்கும் வன்மைக்கும் விடாத போத்தல் ஒன்றும் உமக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். ஓம் என்று ஒரு வரி எழுதும்.

அன்புடன்,
உம்முடைய மாஸ்டர்