படிவத்தில் மாடு இல்லை

அன்புள்ள கலா,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முட்டிவலி தேவலை, பேரன் சுவரைப் பிடித்து நடக்கிறான், கோபியில் இந்த வருஷம் மழையும் பரவாயில்லை. போன வாரம் நம் நண்பன் ஜெர்சி வந்திருந்தான். அதே ஸ்கூட்டர், அதே கதை. டென்மார்க் போயும் உனக்குக் காபி போடத் தெரியுமா என்று கேட்டான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மருமகளின் சீஸ் உனக்குத்தான் தெரியுமே. பெங்களூர் ஓட்டல் ஒன்று மாதாமாதம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது. ஒரு கிலோ சீஸுக்கு எவ்வளவு கார்பன் என்று எழுதித் தர வேண்டுமாம். கரண்ட் எத்தனை யூனிட், பாலைக் காய்ச்சுவது விறகிலா கேஸிலா, எந்தத் தாளில் சுற்றுகிறீர்கள், வண்டி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. மாட்டைப் பற்றி மட்டும் ஒரு கேள்விகூட இல்லை! படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

கெட்டியான சீஸ் ஒரு கிலோவுக்குப் பத்து லிட்டர் பால் போகிறது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2010-ல் போட்ட கணக்குப்படி, உலக சராசரியில் ஒரு கிலோ பாலுக்கு 2.4 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயு வெளியாகிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பண்ணையிலேயே முடிந்துவிடுகிறது. நீயே பெருக்கிப் பார். மருமகள் கூரையில் சோலார் போட்டிருக்கிறாள், பால் குளிரூட்டியின் கம்ப்ரசர் சூட்டிலேயே பாத்திரம் கழுவ வெந்நீர் எடுக்கிறாள். எனக்குப் பெருமைதான். ஆனால் அவள் சீஸ் செய்யும் அறையை எவ்வளவு சுத்தமாக நடத்தினாலும், பெரிய பங்கு கட்டுத்தரையில் மாட்டின் வாய் வழியாகப் போய்க்கொண்டேதான் இருக்கும்.

நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் நம்மை வரிசையில் நிற்க வைத்து, மாட்டின் இடப்பக்க வயிற்றுக் குழியில் முஷ்டியை அழுத்தச் சொல்வார்களே, ஞாபகம் இருக்கிறதா? நேற்று பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்கு அப்படித்தான் வைத்துப் பார்த்தேன். காலையிலிருந்து வெறும் வைக்கோலும் காய்ந்த சோளத்தட்டும்தான் அதற்கு. உள்ளே வயிறு மெல்ல எழும்பி என் கையைத் தள்ளியது, கொஞ்ச நேரத்தில் ஓர் ஏப்பம். நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் விடும் ஹைட்ரஜனை வேறு நுண்ணுயிர்கள் எடுத்து மீத்தேனாக்கி அனுப்புகின்றன. நூறு வருஷக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு சூடேற்றும் வாயு. தின்ற தீனியின் சக்தியில் சுமார் 6 சதவீதம் அப்படியே காற்றில் போகிறது. அது அந்த மாட்டுக்கார அம்மா காசு கொடுத்து வாங்கிய தீனி, கலா!

ஆனால் இந்த வாயு 12 வருஷம் போல்தான் காற்றில் நிற்கும். இன்று குறைத்தால் பலனை நம் காலத்திலேயே பார்க்கலாம். எனக்கு இதில் இவ்வளவு வேகம் வருவது அதனால்தான்.

எங்களுக்குப் பால் ஊற்றும் வீடுகளில் இப்போது சோளத்தட்டை நறுக்கிப் போடுகிறோம். வரப்பில் வேலிமசால் பசுந்தீவனம், தண்ணீர் உள்ள இடத்தில் கம்பு நேப்பியர் புல், எல்லா மாட்டுக்கும் தாது உப்பு. அதே மாடு கூடுதலாகக் கறந்தால் லிட்டருக்கு விழும் மீத்தேன் குறையும். பருவத்துக்கு வராத கிடேரியும் சினை பிடிக்காமல் நிற்கும் மாடும் ஒரு சொட்டுப் பால் தராமல் தின்று ஏப்பம் விடுகின்றன. அவற்றை நேரத்துக்குச் சினைப்படுத்துவதும் பருவநிலை வேலைதான். பெங்களூர் கால்நடை ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஹரித் தாரா மருந்தையும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். டேனின் உள்ள தாவரங்களிலிருந்து செய்கிறார்கள், 17 முதல் 20 சதவீதம் மீத்தேன் குறையும் என்கிறார்கள்.

மீத்தேனைக் குறைக்க உங்கள் ஊரில் தீனியில் கலக்கும் போவேர் மருந்து இங்கே சரிப்படுமா என்று எனக்குச் சந்தேகம். அது தீனியோடு நாள் முழுக்க வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்க வேண்டும். உங்கள் மாடுகள் இயந்திரம் கலந்து தரும் தீவனத்தைத் தின்கின்றன. எங்கள் மாடு பகலெல்லாம் மேய்ந்துவிட்டு வருகிறது. அதைக் கொடுத்தபின் மாடுகள் சோர்ந்து விழுந்ததாக டென்மார்க் விவசாயிகள் சொன்ன செய்தியைப் படித்தேன். நீ கண்ணால் பார்த்ததை எழுது. 2024-ல் இங்கிலாந்தில் அந்த மருந்துக்குப் பயந்து பாலைக் கழிப்பறையில் கொட்டிப் படம் பிடித்துப் போட்டார்கள். பயந்தவர்களைத் திட்டிப் பயனில்லை, யாராவது பொறுமையாக உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

இப்போது என்னைத் தூங்க விடாதது வேறொன்று. படிவத்தில் மாட்டையும் சேருங்கள் என்று நானே எழுதிவிடலாம். சேர்த்தால் என்ன ஆகும்? அதிகம் கறக்கும் பெரிய பண்ணைக்கு லிட்டர் கணக்கு அழகாக வரும். ரெண்டு மாடு வைத்து, அந்தக் காசில் பிள்ளையைப் படிக்க வைக்கும் எங்கள் பெண்களுக்கு மோசமாக வரும். அந்த எண்ணைப் பார்த்து ஓட்டல்காரர்கள் ஒதுங்கிவிட்டால் தீனியைத் திருத்தப் பணம் யாரிடமிருந்து வரும்? உங்கள் நாட்டில் 2030 முதல் மாடு விடும் வாயுவுக்குக் கார்பன் கணக்கில் டன்னுக்கு 300 குரோனர் வரி என்றாலும் 60 சதவீதம் வரிக்கழிவு கொடுக்கிறார்கள், மாறிக்கொள்ள அவகாசமும் இருக்கிறது. எங்கள் பெண்களுக்கு அப்படி யார் கொடுப்பார்கள்?

அதனால் முடிவு செய்துவிட்டேன். போன வருஷம் எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவு குறைந்தது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தாள் வைத்து அனுப்பப்போகிறேன். குறைந்ததற்கு விலையில் பங்கு கேட்கப்போகிறேன். தீவன அளவும் கறவையும் நான் எழுதித் தருகிறேன், மீத்தேன் கணக்கை நீ போடு. கல்லூரியிலேயே கணக்கு உன் பொறுப்பு, பிரேதப் பரிசோதனை என் பொறுப்பு!

முதல் நாலு வீட்டுத் தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். வைக்கோலின் எடையைக் கட்டுக் கணக்கில்தான் சொல்கிறார்கள், அதைக் கிலோவாக்கும்போது கவனம். பொங்கலுக்குள் படிவத்தைத் திருப்ப வேண்டும், அதற்கு முன் அனுப்பிவிடு.

அன்புடன்,
மீனா