கர்ப்பிணியின் எடையைப் பார்த்துச் சர்க்கரை மாத்திரை கொடுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் பருமனான கர்ப்பிணிகள் சர்க்கரை மாத்திரை எடுத்துக்கொள்வது பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கர்ப்ப காலத்தில் கொடுக்கத் தகுந்த மருந்துதான் என்று அதில் எழுதியிருப்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் யாருக்கு, எதற்காகக் கொடுப்பது என்பதைக் கட்டுரை பிரித்துச் சொல்லவில்லை. அதனால், எடை கூடிய கர்ப்பிணிகள் எல்லாரும் அந்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம் என்று வாசகர்கள் எண்ணிவிடக்கூடும். மன்னார்குடி, நீடாமங்கலம் வட்டாரக் கிராமங்களில் சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், இதைத் தெளிவுபடுத்துவது அவசியம் என்று கருதி எழுதுகிறேன்.

பரிசோதனையில் சர்க்கரை இருப்பதாகத் தெரிந்த கர்ப்பிணிக்கு மருந்து கொடுப்பது ஒன்று; சர்க்கரையே இல்லாத பெண்ணுக்கு, உடம்பு கனத்திருக்கிறது என்பதற்காகவே அதே மருந்தைக் கொடுப்பது வேறொன்று. முன்னதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 751 பெண்களிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்த குழந்தைகளுக்கு நேரும் சிக்கல்களை ஒட்டுமொத்தமாகக் கணக்கிட்டபோது, மெட்பார்மின் எடுத்தவர்களுக்கும் இன்சுலின் போட்டுக்கொண்டவர்களுக்கும் வேறுபாடு இல்லை. மாத்திரையில் தொடங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பின்னர் இன்சுலினும் சேர்க்க வேண்டியிருந்தது. ஊசிக்கு மாறச் சொன்னவுடன் தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணிக் கலங்கும் பெண்கள் இதை அறிய வேண்டும்.

பின்னதற்கு அப்படிப்பட்ட ஆதாரம் கிடைக்கவில்லை. பருமனான தாயிடமிருந்து குழந்தைக்குச் சர்க்கரை மிகுதியாகப் போவதால்தான் குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கிறது, எனவே மெட்பார்மின் கொடுத்தால் அது குறையும் என்று எதிர்பார்த்து, சர்க்கரை நோய் இல்லாத, எடை கூடிய அல்லது பருமனான கர்ப்பிணிகளிடம் பிரிட்டனில் இரண்டு ஆய்வுகளும் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் ஓர் ஆய்வும் நடந்தன. 2015, 2016, 2019 ஆகிய ஆண்டுகளில் முடிவுகள் வெளியாயின. மூன்றிலுமே குழந்தையின் எடையில் எதிர்பார்த்த மாற்றம் வரவில்லை. 2016, 2019 ஆய்வுகளில் தாய்மார்களின் எடை சற்றுக் குறைவாக ஏறியது. 2016 ஆய்வில் மட்டும் இரத்த அழுத்தம் ஏறி வரும் சிக்கலும் குறைந்தது. ஆனால் இரத்த அழுத்தம் தொடர்பான இந்தப் பலன் மற்ற இரண்டிலும் தென்படவில்லை.

நம் பகுதிக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 152 செ.மீ. உயரமுள்ள பெண் 58 கிலோ இருந்தாலே, இந்தியர்களுக்கென வகுத்த அளவுப்படி அவளுடைய பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 25-ஐத் தாண்டிவிடுகிறது, அட்டையில் 'உடல் பருமன்' என்று எழுதுகிறோம். 2015-இன் பிரிட்டன் ஆய்வில் சேர அதே உயரத்துப் பெண் 69 கிலோவுக்கு மேலும், 2016 ஆய்வில் சேர ஏறத்தாழ 81 கிலோவும் இருந்திருக்க வேண்டும். அவ்வளவு எடையிலேயே குழந்தைக்குப் பலன் காட்டாத மருந்தை நம் ஊர் 58 கிலோ பெண்ணுக்கு முன்னெச்சரிக்கை என்ற பெயரில் கொடுப்பதற்கு என்ன நியாயம்? மேலும், மெட்பார்மின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் செல்லும் மருந்து. ஏற்கெனவே சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணிகளுக்கு இன்சுலினோடு மெட்பார்மினும் கொடுத்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டு ஆய்வில், வளர்ச்சி குன்றிச் சிறிதாகப் பிறந்த குழந்தைகள் கூடுதலாக இருந்தன. எடை குறைந்த குழந்தைகளைத் தேற்றி எடுக்கப் போராடும் ஊர்களில் இதை அலட்சியம் செய்ய முடியாது.

கோரையாற்றுக் கரையோரக் கிராமம் ஒன்றில் நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். ஆறாம் மாதக் கர்ப்பிணி, தலைச்சன் பிள்ளை. பரிசோதனையில் சர்க்கரை சற்றுக் கூடுதலாக இருந்ததால், இரண்டு வாரம் உணவைக் கட்டுப்படுத்திவிட்டு மறுபடி வரும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த இரண்டு வாரம் முடிவதற்குள் ஒரு நாள் முற்பகலில் நான் அந்த வீட்டுக்குப் போனபோது, அந்தப் பெண் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்க, தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையில் மாமியாரின் மாத்திரை அட்டைகளிலிருந்து ஒவ்வொன்று எடுத்துப் போட்டிருக்கிறாள். வாந்தி வருகிறது என்று எதுவும் சாப்பிடவில்லை. ஓர் அட்டை மெட்பார்மின். மற்றொன்று கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகை. சாப்பிடாத வயிற்றில் அது சர்க்கரையை அபாயமான அளவுக்கு இறக்கிவிடும். சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துத் தெளியவைத்த பிறகு மாமியாரிடம் கேட்டேன். "சக்கரைக்குச் சக்கரை மாத்திரைதானே நர்சம்மா, வீட்டுலயே இருக்குறப்ப எதுக்கு அலையணும்?" என்றார். மருமகள் மீது பிரியம் உள்ளவர்தான். சர்க்கரை மாத்திரைகள் எல்லாம் ஒன்றல்ல என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. சினைப்பை நீர்க்கட்டிக்காகவோ முன்பே இருந்த சர்க்கரைக்காகவோ மாத்திரை எடுத்துவரும் பெண்கள், நாள் தள்ளிப்போனது தெரிந்தவுடன், குழந்தைக்கு ஆகாது என்று பயந்து தாமாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். குழந்தையின் இதயமும் மூளையும் உருவாகும் முதல் எட்டு வாரங்களில் தாயின் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் பிறவிக் குறைபாடுகள் வரும் வாய்ப்பு கூடுகிறது. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது, எதற்குப் பதிலாக இன்சுலின் போடுவது என்பதை அந்த வாரமே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். 2025-இல் நம் நாட்டுக்கு வந்து பேசப்படும் எடை குறைப்பு ஊசிகளைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இருந்திருக்கலாம். அவை கர்ப்பத்தில் போடக்கூடாதவை. அவற்றில் ஒன்றான செமாக்ளுடைடு ஊசியைக் கருத்தரிக்கத் திட்டமிடுவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

ஆக, மருந்தை முடிவு செய்ய வேண்டியது பரிசோதனைதான். எடைமேடை அன்று. அதற்கான எளிய முறையை நாடு முழுவதற்கும் தந்தவர் சென்னையில் பணியாற்றிய மருத்துவர் வி. சேஷையா என்பது நமக்குப் பெருமை. வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் வருகையில் ஒரு முறை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறை. ஒல்லியான பெண்ணுக்கும் இது கட்டாயம். பருமனைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்களுக்கு மட்டும் செய்தால் மற்றவர்கள் தப்பிப்போய்விடுவார்கள். சர்க்கரை தெரிந்தால் முதலில் இரண்டு வாரம் உணவு முறை. பிறகும் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் மருந்து. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 20 வாரத்துக்குப் பிறகு மெட்பார்மின் தொடங்கலாம்; அதற்கு முன்பு மருந்து தேவைப்பட்டால் இன்சுலின்தான்.

உணவைப் பற்றிப் பேசும்போது கர்ப்பிணியைக் குற்றவாளியாக்கும் பேச்சு வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மூன்று வேளையும் பொன்னி அரிசிச் சோறு என்பது இந்த மண்ணின் வழக்கம். நடவும் அறுப்பும் இயந்திரத்துக்குப் போனதால் பெண்களின் உடலுழைப்பு குறைந்ததும் அவர்கள் விரும்பித் தேடிக்கொண்டதன்று. ஒரு வேளைச் சோற்றின் அளவைக் குறைத்து, கீரையும் சுண்டலும் முட்டையும் மீனும் கூட்டச் சொன்னால் செய்கிறார்கள். எல்லார் முன்னிலும் எடையைச் சொல்லிக் கடிந்துகொண்டால் அடுத்த செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வருவதில்லை.

சுகாதாரத் துறையினரின் கவனத்துக்கு இரண்டு வேண்டுகோள்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரை கொண்டுசெல்லும் பணியாளர்கள், வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாரா என்று கேட்டு, அந்த மாத்திரையை அவர் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அடுத்தது, பிரசவத்துக்குப் பின் ஆறு வாரத்தில் தாய்க்குச் செய்ய வேண்டிய சர்க்கரைப் பரிசோதனை. பிள்ளை பெற்றவள் தாய்வீட்டில் இருப்பாள். அவளுடைய பதிவேடு புகுந்த ஊர்ச் செவிலியரிடம் இருக்கும். இந்த இடைவெளியில் அந்தப் பரிசோதனை விடுபட்டுப்போகிறது. ஆனால் 45-ஆம் நாள் தடுப்பூசிக்குக் குழந்தையை எப்படியும் தூக்கி வருகிறார்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த தாய்க்கு அன்றைக்கே, அந்த நிலையத்திலேயே குளுக்கோஸ் கொடுத்துப் பரிசோதித்து, குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே அளவைக் குறித்து அனுப்புவதற்கு ஆணை பிறப்பித்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.