பூட்ஸ்ட்ராப் 100 வந்தாலும் பொறு

காரைக்குடி

அன்புள்ள மகளுக்கு,

மரபணு வரிசைகளை ஒப்பிட்டு நீ போட்டு அனுப்பிய உறவு மரத்தைப் பார்த்தேன். மயிரிழைகளால் நீந்தும் அந்த ஒற்றைச் செல் உயிர், உன் சிலியேட், தன் இனத்தை விட்டு விலகி, யூகேரியோட்டுகளின் (உட்கரு உள்ள உயிர்களின்) அடிமரத்தில் ஒட்டி நிற்கிறது; கிளைக்கு எவ்வளவு ஆதரவு என்று நூற்றுக்குச் சொல்லும் பூட்ஸ்ட்ராப் 100. அந்த நூறைக் கண்டு மயங்கிவிடாதே ஆத்தா. வரிசைகள் மாறும் விதத்தைக் கணிக்கும் மாடல் பொருந்தாவிட்டால், மரபணுக்களைக் கூட்டக் கூட்டத் தப்பான கிளைக்கும் ஆதரவு ஏறும்.

மைக்ரோஸ்போரிடியா என்ற ஒட்டுண்ணி இப்படித்தான் ஏமாற்றியது. 1987இல் ரைபோசோம் ஆர்.என்.ஏ. வரிசையை வைத்து அதை அடியில் வைத்தார்கள். அதற்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது என்ற எண்ணமும் தோதாக இருந்தது. 1990களில் டியூபுலின் மரபணு அதைப் பூஞ்சைகள் பக்கம் கொண்டுபோனது. 2002இல் சுருங்கிப்போன மைட்டோகாண்ட்ரியாவும் அதனுள் கிடைத்தது. ஒட்டுண்ணியின் வரிசைகள் வேகமாக மாறிக் கிளை நீண்டுவிட்டது. ஒப்பிடுவதற்காக வெளியிலிருந்து சேர்க்கும் வெளிக்குழுவின் கிளையும் நீளம். இரண்டிலும் தற்செயலாக ஒரே எழுத்து அமைந்த இடங்களைக் கணக்கு உறவென்று எடுத்துக்கொண்டது. நீள்கிளை ஈர்ப்பு என்பது இதுதான்.

முதலில் எந்த மரபுக் குறியீட்டில் புரதமாக மாற்றினாய் என்று பார். டெட்ராஹைமினா, பாரமீசியம் என்ற சிலியேட்டுகளில், வழக்கமாகப் புரதத்தை நிறுத்தும் யு.ஏ.ஏ., யு.ஏ.ஜி. குறிகள் இரண்டும் குளூட்டமின் என்ற அமினோ அமிலம்; அதற்குக் குறியீட்டுப் பட்டியல் 6 போட வேண்டும். வழக்கமான பட்டியல் 1 போட்டால் புரதம் பாதியில் அறுந்து, மரம் போடும் வரிசை அட்டவணையில் (மேட்ரிக்ஸ்) பாதி வெற்றிடமாகும். யூப்ளோட்டஸ் என்ற சிலியேட்டுக்குப் பட்டியல் 10. ஸ்டெண்டார் என்ற இன்னொன்றுக்கோ வழக்கமான பட்டியலே. ஆகவே சிலியேட் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு 6 போடாதே.

அடுத்தது கலப்படம். ஆர்.என்.ஏ.வை அதன் நுனியிலுள்ள பாலி-ஏ வாலைப் பிடித்து எடுத்தால் பாக்டீரியா பெரும்பாலும் கழிந்துவிடும். ஆனால் செல் தின்ற பாசியும் யூகேரியோட்தானே, அதன் ஆர்.என்.ஏ.வும் சேர்ந்தே வரும். அதனால் செல்லை இரவு முழுக்கப் பட்டினி போடு. 0.2 மைக்ரான் வடிகட்டிய நீரில் மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் புதுப் பிப்பெட் முனையில் கழுவு. பிறகு ஒவ்வொரு மரபணுவுக்கும் தனி மரம் போட்டு, பாசிகளுக்கு நடுவே போய் உட்காரும் வரிசையை நீக்கு. அலுப்பான வேலைதான், ஆனால் இதை விட்டால் மற்றதெல்லாம் வீண். இரட்டித்த மரபணுக்களும் அந்த மரங்களில்தான் பிடிபடும். நம் பக்கம் ஐயா பெயரையே பேரன்மார் எல்லோருக்கும் வைப்பதுபோல, பெயர் ஒன்றாக இருப்பதால் ஆள் ஒன்றாகிவிடாது.

மாஃப்ட் நிரலில் வரிசைகளை அடுக்கி, டிரிம்ஏஎல் நிரலில் ஒழுங்காக அடுங்காத பகுதிகளை வெட்டியபின், மரம் போடும் ஐக்யூட்ரீயில், இடத்துக்கு இடம் மாறும் விதம் வேறுபடுவதைக் கணக்கில் எடுக்கும் எல்ஜி+சி60+எஃப்+ஜி மாடலைப் போடு. நினைவகம் போதாவிட்டால், எளிய மாடலில் வந்த மரத்தை வழிகாட்டியாகக் கொடுத்து, நினைவகம் குறைவாகக் கேட்கும் பிஎம்எஸ்எஃப் முறையில் ஓட்டு. அல்ட்ராஃபாஸ்ட் (விரைவு) பூட்ஸ்ட்ராப்பில் 95க்குக் கீழே வந்ததை எழுதவே வேண்டாம்.

பிறகு வேகமாக மாறும் இடங்களைப் படிப்படியாக நீக்கி, ஒவ்வொரு படியிலும் மரம் போடு. அடிமரப் பிடிப்பு தளர்ந்து சிலியேட்டுகளோடு சேரும் ஆதரவு ஏறினால், அது நீள்கிளை ஈர்ப்புதான். அதற்கு நெருங்கிய உறவினங்களைச் சேர்த்து நீண்ட கிளையை இடையில் உடைப்பதும் பலன் தரும்.

பிள்ளையார் நோன்புக்கு நீ வரும்போது ஊருணியில் தண்ணீர் இருக்கும். அதிலிருந்து இன்னும் ஐந்தாறு செல்லைத் தனித்தனிக் குழாயில் எடு. எடுக்குமுன் ஒவ்வொன்றையும் படம் பிடித்துக்கொள். அதுவரை அந்த மரத்தை யாருக்கும் அனுப்பாதே.

அப்பச்சி